பதினோரு அங்குலம்

படத்தில் சின்ன அண்ணியின் இமை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பக்கத்தில் நின்ற பெரிய அண்ணி மட்டும் நீராவிக்குள் நிற்பவர்போல் மங்கிப் போயிருந்தார். துணி வெட்டும் மேஜையில் அந்தப் பெரிய தாளை விரித்து, மூலைக்கொன்றாகக் கத்தரிக்கோலையும் இஸ்திரிப் பெட்டியையும் நூல்கண்டு டப்பாக்களையும் கனத்துக்கு வைத்து நிமிர்ந்த பிறகுதான், படம் எடுத்தவளுக்கே அது உறைத்தது. உறைத்து என்ன பயன்? நாத்தனார்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேஜையில் கிடந்த வெட்டுத்துணி ஒன்றை எடுத்து நிதானமாகத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"துடைச்சும் நான் தெளியலையே" என்றார்.

சின்ன அண்ணி தன் இமைகளிலேயே லயித்துப் போயிருந்தார். "எப்படி எடுத்திருக்கா பாரேன்க்கா! எனக்கு இவ்வளவு நல்ல புருவம்னு எனக்கே தெரியாது" என்று வேறு சொன்னார். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதற்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. அதையும் சிரித்த முகத்தோடு செய்வார்.

படம் எடுத்தவள் இவர்களுடைய ஒரே தம்பியின் மனைவி. ஒரு ஸ்டூடியோவில் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது அவள் வேலை. நாள் முழுக்க, "தாடையைத் தூக்குங்க, சிரிக்காதீங்க, கண்ணை மூடாதீங்க" என்று ஊராரை மிரட்டிவிட்டு வீடு திரும்புகிறவளுக்கு, சிரிக்கிற மனிதர்களை எடுக்க வேண்டும் என்று தீராத ஆசை. அதற்காகவே இரண்டு வருடம் காத்திருந்து ஒரு புது லென்ஸ் வாங்கியிருந்தாள். அந்தப் புது லென்ஸின் முதல் வேலைதான் இப்போது மேஜையில் கிடந்தது.

வேலையும் சாதாரண வேலை இல்லை. சந்துக்குள் ஒற்றை அறையில் இருபத்திரண்டு வருடம் தையல் இயந்திரம் மிதித்த அக்கா தங்கை இருவரும், ஞாயிற்றுக்கிழமை பெரிய தெருவில் புதுக்கடை திறக்கிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க அவர்கள் இரண்டு பேரின் படம் வர வேண்டும் என்பது இவளுடைய யோசனை. இப்போது பார்த்தது அதற்கான மாதிரி.

"சரிதான்" என்றார் பெரிய அண்ணி. குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "முன்னாடி நிக்கிறவங்கதான் தெரியணும். பின்னாடி இருக்கிறவங்க எப்படி இருந்தா என்ன?"

"அண்ணி, ரெண்டு பேரும் பக்கத்துலதானே நின்னீங்க..."

"நான் புதுக்கடைக்கு வரலைம்மா. எனக்கென்ன, வெட்டுறதுதானே வேலை? அதை வீட்டிலேயே வெட்டித் தர்றேன். தம்பி வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

இது இன்று முளைத்த வருத்தம் இல்லை. சின்ன அண்ணி வாசலில் நிற்பார், வருகிறவர்களிடம் பேசுவார், அளவெடுப்பார், அவர்கள் வீட்டு நாய்க்குட்டியின் உடம்பு வரைக்கும் விசாரிப்பார். ஊருக்கு அவர்தான் 'டெய்லர் அக்கா'. பெரிய அண்ணி திரைக்குப் பின்னால் நின்று துணி வெட்டுவார். அவருக்குப் பெயர் 'உள்ளே இருக்கிற அக்கா'. போன மாதம் ஒருவர், "உள்ளே வேலைக்கு ஆள் வேற வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேவிட்டார். சின்ன அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெரிய அண்ணியும் சிரித்தார், ஆனால் ஒரு தடவைதான் சிரித்தார்.

கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கேமராப் பையைத் தைத்துக் கொடுத்தவரே பெரிய அண்ணிதான். உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்து, லென்ஸுக்குத் தனி அறை வைத்து, யாரும் கேட்காமலேயே மழைக்கு ஒரு மூடி வைத்துத் தைத்த பை அது.

வீட்டில் கணவன் புதுக்கடைக்கான அலமாரிக் கதவுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தான். தச்சன். விஷயத்தைக் கேட்டதும் கையை நிறுத்தினான்.

"எங்கக்காவை ஆவியாக்கிட்டியா?"

"நான் ஆக்கலை. லென்ஸ் ஆக்கிடுச்சு."

"லென்ஸை யாரு வாங்கினது?"

அவள் பையைத் திறந்து அந்த லென்ஸை வெளியே எடுத்தாள்.

லென்ஸின் சுபாவம் அவளுக்குத் தெரியாததல்ல. ஒளி நுழையும் வாயை அகலமாகத் திறந்துவைத்தால் தெளிவு என்பது கேமராவிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில், ஒரு ரொட்டித் துண்டின் கனத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். அந்தத் துண்டுக்குள் இருப்பவர் பளிச்சென்று இருப்பார். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கரைந்துபோகும். அப்படிக் கரைவதுதான் அழகு, அதற்காகத்தானே அதை வாங்கினாள்! இரண்டு பேரையும் ஒரே துண்டுக்குள் ஒட்டி நிற்கவைத்து, சின்ன அண்ணியின் கண்ணில் ஃபோகஸ் வைத்துத்தான் எடுத்தாள். அப்புறம் ஏன் இப்படி? கணினியில் நாற்பத்து மூன்று படங்களையும் திறந்து பார்த்தாள். நாற்பத்து மூன்றிலும் சின்ன அண்ணி தெளிவு, பெரிய அண்ணி மங்கல். கேமராவின் முதுகில் இருக்கும் தீப்பெட்டி அளவு திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரிந்திருந்தது. அந்தத் திரை பொய் சொல்வதற்கென்றே பிறந்தது.

லென்ஸில் கோளாறாக இருக்குமோ என்று ஜன்னலோரம் பத்து நூல்கண்டுகளை வரிசையாக வைத்து எடுத்துப் பார்த்தாள். எதைச் சொன்னாளோ அதைச் சரியாகப் பிடித்தது. லென்ஸ் நிரபராதி. இப்போது குற்றவாளி என்று மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

மறுநாள் தம்பி போய்க் கூப்பிட்டான். தம்பி கூப்பிட்டால் பெரிய அண்ணியால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பலவீனத்தை அவன் நடை பழகிய நாளிலிருந்தே நன்றாகப் பயன்படுத்தி வருகிறான். இந்தத் தடவை அவள் வம்பே வேண்டாம் என்று லென்ஸின் வாயை ஊசித்துளை அளவுக்குச் சுருக்கினாள். அப்படிச் சுருக்கினால் முன்னால், பின்னால் என்ற பேதமே இருக்காது. மூக்கு நுனியிலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும் எல்லாம் தெளிவாக விழும்.

விழுந்தது. பெரிய அண்ணி தெளிவாக இருந்தார், சின்ன அண்ணியும் தெளிவாக இருந்தார். அவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் வாளி, அதன் உடைந்த கைப்பிடி, சுவிட்சுப் பலகையில் ஒட்டடை, ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுக்காரர் காயப்போட்ட பனியன், பனியனில் இருந்த ஓட்டை என்று எல்லாமே தெளிவாக இருந்தன. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கண் அலைந்தது.

"இது கடையில மாட்டுற படமா, திருட்டுப் போன இடத்துல போலீஸ் எடுக்கிற படமா?" என்று கேட்டார் சின்ன அண்ணி.

"எனக்கு இத்தனை சுருக்கமா இருக்கு?" என்றார் பெரிய அண்ணி.

"உனக்காவது சுருக்கம்தான்க்கா. எனக்கு மீசையே தெரியுது."

இரண்டு நாளில் அக்காவும் தங்கையும் ஒரே கட்சியில் சேர்ந்தது அப்போதுதான். ஆனாலும் பெரிய அண்ணி பிடித்த பிடியை விடவில்லை. படம் எப்படி வந்தாலும் வராவிட்டாலும், புதுக்கடைக்கு வருவதில்லை என்பது முடிவு என்று சொல்லிவிட்டுக் கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைச் சரிசெய்துகொண்டார்.

அந்த நாடாவைப் பார்த்ததும்தான் அவளுக்கு யோசனை வந்தது. பெரிய அண்ணியிடம் கெஞ்சிப் பலனில்லை. கண்ணீர் விட்டால் கைக்குட்டை எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். ஆனால் ஓர் அளவைச் சொல்லி அது சரியா தப்பா என்று கேட்டுவிட்டால், சரிபார்க்காமல் அவரால் தூங்க முடியாது.

"அண்ணி, கேமராவிலேர்ந்து ரெண்டு பேருக்கும் ஒரே தூரம்னா ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் வந்தாகணும். ஒருத்தர் தெளிவு ஒருத்தர் மங்கல்னு வரவே முடியாது. நான் கண்ணால பார்த்து நிக்கவெச்சேன், அதான் தப்பு. நீங்களே அளந்து பாருங்களேன்."

"கண்ணளவுல வேலை செஞ்சியா?" பெரிய அண்ணிக்கு அது நெஞ்சில் தைத்தது. "கண்ணளவுல யாராவது வேலை செய்வாங்களா?"

வியாழக்கிழமை மத்தியானம் மூன்றாவது முயற்சி. முக்காலியில் கேமரா நின்றது. பெரிய அண்ணி தரையில் மண்டியிட்டு, கேமராவுக்கு நேர் கீழேயிருந்து இரண்டு நாடாக்களை முனையோடு முனை சேர்த்து விரித்து, ஏழடி மூன்று அங்குலத்தில் தையல் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. அதன் மேல் தங்கையை நிறுத்தினார், தங்கையின் செருப்பு நுனி கோட்டைத் தாண்டியபோது கால் விரலில் ஒரு தட்டு தட்டினார். பிறகு தானும் வந்து கோட்டில் நின்றார். சின்ன அண்ணி போட்டிருந்தது இந்தப் படத்துக்காகவே அக்கா தைத்துக் கொடுத்த நீல மேல்சட்டை, அதன் காலர் கத்தி மாதிரி நின்றது.

லென்ஸின் வாயைப் பழையபடி திறந்து, ஏழடி மூன்று அங்குலத்தில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு அவள் பொத்தானை அழுத்தினாள். இந்தத் தடவை சின்னத் திரையை நம்பாமல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

பெரிய அண்ணி மங்கலாகத்தான் இருந்தார்.

நிமிர்ந்து பார்த்தாள், இரண்டு பேரும் சமர்த்தாகக் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். "இன்னொண்ணு எடுத்துக்கிறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு, இந்த முறை கண்ணைக் கேமராவில் வைக்காமல் வெறும் கண்ணால் பார்த்தபடியே, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினாள்.

'ரெண்டு' என்றதும் பெரிய அண்ணியின் வலது கால் பின்னால் போனது. இடது காலும் கூடவே போனது. தலை லேசாகச் சாய்ந்தது, கண் இடுங்கியது. அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை. தங்கையின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தோள் தையல் நேராக விழுகிறதா என்று, துணியை ஒருவர் உடம்பில் பார்க்கும்போது தையற்காரர் எப்படி ஓரடி பின்வாங்கிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் சத்தம் கேட்டதும் மறுபடி கோட்டுக்கு வந்து நின்றுகொண்டார். ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது முகம்.

இன்னும் மூன்று தடவை எடுத்தாள். மூன்று தடவையும் அதே. நாடா தரையிலேயே கிடந்ததால் செருப்பு நுனி எங்கே போய் நிற்கிறது என்று படிக்க முடிந்தது. எட்டடி இரண்டு அங்குலம். கோட்டிலிருந்து சரியாகப் பதினோரு அங்குலம். ஒவ்வொரு தடவையும் பதினோரு அங்குலம்தான், ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. காலுக்குக்கூடவா அளவு தெரியும்!

"அண்ணி, கொஞ்சம் முன்னாடி..." என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்கினாள். சொன்னால் அவர் வந்து நிற்பார், அடையாள அட்டைப் படம் போல விறைத்துக்கொண்டு நேராகப் பார்ப்பார். நாற்பத்து மூன்று படங்களில் அவள் கழித்துப்போட்ட மங்கலுக்குள் இருந்தது இந்தப் பார்வைதான் என்று இப்போது புரிந்தது. இருபத்திரண்டு வருடமாக ஊர் உடுத்தியதெல்லாம் இந்தப் பார்வையில் தேறி வெளியே போனது. அதை விட்டுவிட்டு இமை முடியை எண்ணிக்கொண்டிருந்தோமே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ஃபோகஸை எட்டடி இரண்டு அங்குலத்துக்குத் தள்ளினாள். இப்போது மங்கப்போவது சின்ன அண்ணி. முன்னால் நிற்கிறவர், ஊர் அறிந்த முகம், புருவத்தைப் பார்த்துப் பூரித்தவர். ஒரு நாத்தனாரோடு மனஸ்தாபம் என்பது போய் இரண்டு பேரோடும் என்றாகிவிட்டால், இந்த வீட்டில் அவளுக்குத் துணை அந்தக் கேமராப் பை ஒன்றுதான். லென்ஸின் வாயை ஒரு படி மட்டும் சுருக்கினாள். இன்னும் திறந்திருந்தால் சின்ன அண்ணி வெறும் நீலப் புகையாகிவிடுவார், இன்னும் மூடினால் பழைய வாளியும் பனியனும் எழுந்து வந்துவிடும். ஆள் யார் என்று தெரிய வேண்டும், ஆனால் கண் அவரிடம் நிற்காமல் பின்னால் போக வேண்டும். அந்த இடத்தில் வைத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு."

அந்தப் படத்தை அவள் யாரிடமும் காட்டவில்லை. மாதிரியும் எடுக்கவில்லை. நேராகச் சுவர் அளவுக்கு அச்சடிக்கக் கொடுத்துவிட்டாள். தைரியம் என்று சொல்ல முடியாது, காட்டினால் தானே பின்வாங்கிவிடுவோம் என்ற பயம்தான்.

சனிக்கிழமை காலை புதுக்கடையில் வார்னிஷ் வாசனை தூக்கலாக இருந்தது. படம் மூன்று நீளப் பட்டைகளாகச் சுருட்டி வந்திருந்தது. கணவன் ஏணியில் ஏறி, பசை தடவி, இடது பட்டையை மேலிருந்து கீழே இழுத்து ஒட்டினான். சின்ன அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். பெரிய அண்ணியும் வந்திருந்தார். கடைக்கு வரவில்லையாம், வெட்டு மேஜை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக மட்டும் வந்தாராம்.

முதல் பட்டையில் சின்ன அண்ணி இருந்தார். நீலச் சட்டையும் சிரிப்பும் தெரிந்தன. ஆனால் ஓரங்களெல்லாம் கரைந்திருந்தன.

"ஏய், என்ன இது? என் மூஞ்சி கரைஞ்சு ஓடுது?" சின்ன அண்ணியின் குரல் தெரு வரைக்கும் கேட்டது. "தம்பி, பசை அதிகமாத் தடவிட்டியா?"

"பசையில்ல சின்னக்கா" என்றான் அவன், ஏணியிலிருந்து மனைவியைப் பார்த்தபடி. அவன் முகத்திலும் ஈயாடவில்லை.

"அப்போ நீதானா?" என்று சின்ன அண்ணி அவள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு அக்காவை மங்கலாக்கினே. இன்னைக்கு என்னையா? முறை வெச்சு எடுக்கிறியா?"

"நடுப்பட்டையை ஒட்டட்டும் அண்ணி" என்றாள் அவள்.

நடுப்பட்டை இறங்கியது. தலைமுடி வந்தது, நெற்றி வந்தது, மூக்குக்கண்ணாடி வந்தது, கண்கள் வந்தன. பெரிய அண்ணியின் கண்கள், ஆள் உயரச் சுவரில், ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாக, சாய்ந்த தலையோடு தங்கையின் தோளைப் பார்த்தபடி. உதட்டில் ஒரு குண்டூசி வேறு. அது அங்கே இருந்ததைப் படம் எடுத்தவளே அப்போதுதான் பார்த்தாள். அந்த முகத்தில் கணக்குப் பார்க்கும் கண்டிப்பும் இருந்தது, அதைவிட அதிகமாக ஆசையும் இருந்தது. வெட்டிய கை, தைத்த கை, சின்ன வயதில் அந்தத் தங்கைக்குத் தலைவாரிவிட்ட கை எல்லாம் அந்தக் கண்ணில் தெரிந்தன.

சின்ன அண்ணி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். அவர் வாய் மூடியிருப்பது அபூர்வம் என்பதால் ஏணியில் இருந்தவன் பயந்து ஒரு படி கீழே இறங்கினான்.

"என் மூஞ்சியை நான் தினமும் கண்ணாடியில பார்க்கிறேன்" என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "அக்கா என்னை இப்படிப் பார்க்கிறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். எப்பவும் எனக்குப் பின்னாடி நின்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் எங்கே பின்னாடி நின்னேன்?" என்றார் பெரிய அண்ணி. "கோட்டு மேலதானே நின்னேன்? நானேதானே அளந்தேன்?"

"பதினோரு அங்குலம் பின்னாடி போனீங்க அண்ணி. ஒவ்வொரு தடவையும்."

"கால் போயிருக்கும். நான் போகலை."

அதற்கு மேல் யாராலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பெரிய அண்ணியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை நிஜமாகவே துடைக்க வேண்டியிருந்தது. மாட்டிக்கொண்டு சுவரை மறுபடி பார்த்தவர், தன் முகத்தை விட்டுவிட்டுத் தங்கையின் மங்கலான தோளில் கண்ணை நிறுத்தினார்.

"இடது பக்கம் காலர் கால் அங்குலம் ஏறியிருக்கு."

"இந்த மங்கல்ல அது எப்படித் தெரியுது உனக்கு?"

"தெரியும். அந்தச் சட்டையைக் கழட்டிக் குடு, பிரிச்சுத் தைக்கணும்."

சின்ன அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தம்பியைப் பார்த்தார். பழைய அதிகாரம் குரலில் திரும்பியிருந்தது. "தம்பி, உள்ளே போட்டிருக்கிற வெட்டு மேஜையைத் தூக்கிட்டு வந்து இங்கே, வாசலைப் பார்த்த மாதிரி, இந்தப் படத்துக்கு நேர் கீழே போடு. கல்லாப் பெட்டியை ஓரமாத் தள்ளு. உள்ளே இருக்கிற அக்கா எல்லாம் நேத்தோட முடிஞ்சது."

தம்பி மிச்சமிருந்த பட்டையையும் ஒட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கி மேஜையை இழுத்து வந்தான். சுவரோடு ஒட்டி அதைப் போடப் போனபோது பெரிய அண்ணி ஓடிவந்து தடுத்தார்.

பெரிய அண்ணி கழுத்திலிருந்த நாடாவை எடுத்து, சுவருக்கும் மேஜைக்கும் நடுவில் விரித்துப் பிடித்தார்.

"நான் நின்னு வேலை செய்யற இடத்துக்கு மேல, பின்னாடி இன்னொரு அடி விட்டுப் போடுடா" என்றார். "கால் போகும்."